பிணத்துக்கு மட்டும் திறக்கும் கேட்

எங்கள் பக்கம் சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். பின்னால் வெளுத்த மலை ஒன்று நிற்கும். அதன் அடியில் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர் கிடக்கும். முன்னால் ஒருவர் சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தப் போட்டோவைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது மலை இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்காகத் தோண்டும்போது வேண்டாம் என்று ஒதுக்கிக் கொட்டிய மண். அது ஏரியும் இல்லை. கல்லை எடுத்துக்கொண்டு மூடாமல் விட்டுப் போன குழி. அதில் மழைத்தண்ணீர் நிற்கிறது. அந்தக் குழி இருக்கும் இடத்தில் முன்பு யாரோ சோளமும் கொத்தமல்லியும் விதைத்துக்கொண்டிருந்தார்கள்.

நிஜமான மலை எங்களுக்கு மேற்கே இருக்கிறது. பெரம்பலூரிலிருந்து இருட்டோடு கிளம்பினால் வேப்பந்தட்டை தாண்டி அரும்பாவூர் போய்ச் சேருவதற்குள் பச்சைமலை மேல் வெயில் விழுந்துவிடும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி. மலையை ஒட்டி ஓட்டினால் குளிர்ந்த காற்று கூடவே வரும். சுண்ணாம்பு இருப்பது கிழக்கே, அரியலூர் பக்கம். இந்த இரண்டையும் இணைத்து இரண்டு நாள் ஓட்டுகிற மாதிரி ஒரு ரூட் போட்டுத் தரும்படி சென்னையிலிருந்து ஒரு சைக்கிள் குழுவினர் என்னைக் கேட்டார்கள். மலையும் வேண்டும், சுண்ணாம்புப் பாறையும் வேண்டும், லாரி மட்டும் வேண்டாம் என்றார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அரியலூர் பக்கத்தில் லாரி இல்லாத ரோடு கேட்பது கடலில் உப்பில்லாத தண்ணீர் கேட்பது போல.

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஊசி குத்துவது, சளியும் சிறுநீரும் வாங்கி வைப்பது, இதுதான் என் பிழைப்பு. நாற்பது வயதுக்கு மேல் சர்க்கரை என்று தெரிந்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். எனக்கு நடக்கப் பிடிக்கவில்லை, சைக்கிள் வாங்கினேன். சுடிதாரும் ஹெல்மெட்டுமாக நான் போவதைப் பார்த்துத் தெருவில் சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களில் பாதிப் பேர் அப்புறம் சர்க்கரை பார்க்க என்னிடம்தான் வந்தார்கள். ஊசியை நான் கொஞ்சம் அழுத்திக் குத்தினேன் என்று சொல்வது வீண்பழி.

என்னோடு ஓட்டுகிறவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து செல்போன் கடை வைத்திருக்கிறார். வரும்போது எல்லாரும் டிவியும் தங்கமும் கொண்டுவர, இவர் ஒரு கியர் சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தார். அதற்கு அவர் வீட்டில் விழுந்த திட்டு இன்னும் தீரவில்லை என்பார். என்னை அக்கா என்பார், நான் பாய் என்பேன். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். அதனால் அவர் பாட்டில் சீக்கிரம் காலியாகிவிடும்.

ரூட்டில் முதல் நாளில் சிக்கல் எதுவும் இல்லை. மலையடிவாரம் சுற்றி, கிழக்கே திரும்பி, லப்பைக்குடிக்காட்டில் பாய் வீட்டுப் பக்கம் தங்கிவிடலாம். இரண்டாம் நாள் தெற்கே அரியலூரை நோக்கி இறங்க வேண்டும். அங்கேதான் லாரி ரோடு குறுக்கே வரும். மைன்ஸிலிருந்து சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் லாரிகள். மேலே தார்ப்பாய் மூட வேண்டும் என்பது சட்டம். சுருட்டி ஓரமாகக் கட்டி வைத்திருப்பது வழக்கம். ரோட்டோரத்துப் புளியமரம், கருவேலமரம், கோயில் மதில், பஸ்ஸுக்கு நிற்கும் ஆள், எல்லாமே சுண்ணாம்புத் தூசி படிந்து ஒரே நிறம். அந்த ஊர்களிலிருந்து எங்கள் நிலையத்துக்கு வருகிற சளிக் குப்பிகளைப் பார்த்தே எந்த ரோட்டோரம் என்று நான் சொல்லிவிடுவேன்.

அந்த ரோட்டில் சைக்கிள்காரன் ஒரு பொருட்டே இல்லை. பின்னால் ஹாரன் கேட்டதும் இறங்கி மண்ணில் நிற்க வேண்டும். லாரி போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏற வேண்டும், அடுத்த ஹாரன் கேட்கும். ஒருமுறை நான் இறங்கவில்லை. டிரைவர் அப்படியே ஒட்டி வந்து என்னைச் சரிவில் தள்ளிவிட்டுப் போய்விட்டான். முழங்கையைத் துடைத்துக்கொண்டே அவன் ஏழு தலைமுறையையும் நான் வாழ்த்தினேன். பாய் பாட்டிலை நீட்டினார்.

அதனால்தான் வேறு வழி தேடினேன். போனில் மேலேயிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு கோடு தெரிந்தது. இரண்டு ஊர்களுக்கு நடுவே, லாரி ரோட்டைத் தொடாமல், ஒரு குழியின் விளிம்பை ஒட்டிப் போகிற பழைய வண்டிப்பாதை. அதில் போனால் தூரமும் பாதிதான். லாரி ரோட்டின் மோசமான பகுதி முழுவதும் தப்பிவிடும். எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பாயை இழுத்துக்கொண்டு போனேன்.

ஊர் முச்சந்தியில் பாதை ஆரம்பமாகிறது. மாட்டுவண்டி போகிற அகலம், இரண்டு பக்கமும் பனைமரம். கொஞ்ச தூரம் போனதுமே குறுக்கே ஒரு இரும்புக் கேட். பக்கத்தில் தகரக் கூண்டு, அதற்குள் செக்யூரிட்டி. வழி கிடையாது, இது சிமெண்ட் கம்பெனி இடம் என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பனைமரத்தைக் காட்டி, இதையும் கம்பெனிதான் நட்டதா என்று கேட்டேன். அவர் பீடியைத் தேடினார். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று ஊருக்குப் பொதுவான பாதையை அள்ளி எடுத்துக்கொண்டவர்களை விட்டுவிட்டுச் சம்பளத்துக்கு நிற்கிற அந்த மனிதரோடு நான் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். பாய் என் சைக்கிளைத் திருப்பி வைத்தார்.

முச்சந்தியில் ஒரு டீக்கடை இருந்தது. கடைக்காரப் பெண்ணுக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது குறைவாக இருக்கும். நாங்கள் போனதையும் திரும்பியதையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கேட்காமலே இரண்டு டீ போட்டாள். அவள் புருஷன் அதே மைன்ஸில் காண்ட்ராக்டரிடம் லாரி ஓட்டுகிறான். மாமனார் கடைக்குப் பின்னால் கயிற்றுக் கட்டிலில் இருமிக்கொண்டு கிடந்தார். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளிக்கூடம் இருப்பது அந்தப் பாதையின் மறுமுனையில், அடுத்த ஊரில்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு விஷயம் உறைத்தது. பாதை இருந்தபோது பிள்ளைகள் பேசிச் சிரித்துக்கொண்டே நடந்து போய்விடுவார்களாம். இப்போது அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில் லாரி ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். லாரிக்காரன் என்னைச் சரிவில் தள்ளிவிட்ட அதே ரோடு. நான் ஓட்டுவது பொழுதுபோக்குக்கு, ஞாயிற்றுக்கிழமை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு. அந்தப் பிள்ளைகள் தினமும், புத்தகப் பை சுமந்து, வெறும் தலையோடு. மகளின் தோழி ஒருத்தி லாரி உரசிக் கால் ஒடிந்து படிப்பையே விட்டுவிட்டாள் என்று டீக்கடைக்காரி சொன்னாள். தன் மகள் போய்விட்டு வரும்வரை தனக்கு அடுப்பில் கை ஓடுவதில்லை என்றும் சொன்னாள்.

அந்தக் கேட் திறக்கவே திறக்காதா என்று பாய் கேட்டார்.

திறக்கும் என்றாள். ஊர்ச் சுடுகாடு கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஊரில் யாராவது செத்தால் அன்றைக்குத் திறந்துவிடுவார்கள். பிணத்தை மறித்து நிற்க எந்தக் கம்பெனிக்கும் தைரியம் வராது. பாடை போய், எரித்துவிட்டு, ஆண்கள் திரும்பி வந்ததும் பூட்டிவிடுவார்கள். பெண்கள் முச்சந்தியோடு நின்றுவிட வேண்டும். அதுதான் ஊர் வழக்கம். அதாவது, கேட் போட்ட நாளிலிருந்து அந்த ஊர்ப் பெண்களில் ஒருத்திகூட அந்தப் பாதையில் கால் வைத்ததில்லை.

"பொம்பளைங்க நாங்க செத்தாத்தாங்க அந்தப் பாதையில போவ முடியும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

திரும்பி வரும்போது பாய், "எங்கள்லயும் மையத்து கூட பொம்பளைங்க மையவாடிக்குப் போறதில்லக்கா. ஆனா அது பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில இல்ல" என்றார். அன்றைக்கு அவர் பாட்டிலை நீட்டவில்லை.

எனக்கு ஒன்றைப் பிடித்தால் விடத் தெரியாது. லீவு போட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். எந்த ஆபீஸ் என்று எழுதி என்ன ஆகப்போகிறது, எல்லாவற்றிலும் ஒரே பதில்தான். கடைசியாக ஒருவர் மட்டும் உட்காரச் சொன்னார். பாதை பாதைதான், அதை யாரும் மறுக்கவில்லை என்றார். ஆனால் யாரும் உபயோகிப்பதில்லையே என்றார். கேட் பூட்டியிருந்தால் எப்படி சார் உபயோகிப்பார்கள் என்று கேட்டேன். தேவைப்படும்போது திறந்துவிடத்தானே செய்கிறார்கள் என்றார். செத்தவர்களுக்குத் தேவைப்படுவது அவருக்குப் புரிந்தது, உயிரோடு இருக்கிறவர்களுக்குத் தேவைப்படுவது புரியவில்லை. செவிடன் காதில் சங்கு ஊதிவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு குற்றமும் செய்யாத என் புருஷனிடம் சாம்பாரில் உப்பு அதிகம் என்று சண்டை போட்டேன். சமைத்தது நான்தான்.

டீக்கடைக்காரி தன் மாமனாரைச் சளிப் பரிசோதனைக்கு என்னிடம் அழைத்து வந்தாள். அப்புறமும் இரண்டு மூன்று முறை வந்தார்கள். அந்த மனிதர் ஒரு காலத்தில் அந்தப் பாதையில் மாட்டுவண்டி ஓட்டியவர். அப்போதெல்லாம் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் வந்து இறங்கியதும் அதே பாதையில்தானாம். டீக்கடைக்காரியும் அப்படி வந்து இறங்கியவள்தான். பாதைக்கு அந்தப் பக்கத்து ஊர் அவள் பிறந்த ஊர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கூப்பிடு தூரத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்கு அவள் இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிறாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் காலையில் போன் செய்தாள். மாமனார் போய்விட்டார். நான் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன், அவள் குறுக்கே புகுந்தாள்.

"சாயங்காலம் எடுக்கறோம். வரும்போது சைக்கிள்லயே வாங்கக்கா" என்றாள்.

துக்க வீட்டுக்கு எதற்கு சைக்கிளில் என்று எனக்குப் புரியவில்லை. பாயும் நானும் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை. அவள் மகள் ஒரு ஓரமாகத் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கொள்ளிச்சட்டியோடு அவள் புருஷன் முன்னால் நடக்க, பாடை முச்சந்திக்கு வந்தது. வழக்கப்படி பாடையை இறக்கி, திசை மாற்றி, மறுபடி தூக்கினார்கள். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். பாடை நகர்ந்தது. கேட் திறந்திருந்தது. டீக்கடைக்காரி தன் மகளுக்கு ஒரு கண் ஜாடை காட்டிவிட்டுப் பாடைக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தாள். மகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடப் போனாள். நான் யோசிக்கவே இல்லை. என் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

அவள் சின்ன மாமனார் திரும்பிப் பார்த்துவிட்டு வழியை மறித்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர். பொம்பளைகள் சுடுகாட்டுக்கு வருகிற வழக்கம் எப்போது வந்தது என்று கேட்டார். செத்தவரின் ஆத்மா சாந்தியடையாது என்றார். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "சுடுகாட்டுக்கு வரல மாமா. பாதைக்கு வரேன்" என்றாள்.

பாடையை நடுவழியில் நிறுத்தி வைத்துக்கொண்டு வாதாட முடியாது. அவர் விலகினார். முச்சந்தியில் நின்ற பெண்களில் இரண்டு பேர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் இன்னும் சிலர். கேட்டில் செக்யூரிட்டி எங்களைப் பார்த்தார், போனை எடுத்தார், பிறகு பாடையைப் பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் அவரைத் தாண்டிப் போனோம்.

பாதை அழகாக இருந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். இல்லை. ஒரு பக்கம் பாதை விளிம்பே பெயர்ந்து குழிக்குள் சரிந்திருந்தது. எட்டிப் பார்த்தால் படிப்படியாக வெட்டி இறங்கிய வெள்ளைச் சுவர். மறுபக்கம் மண்மேடு. போட்டோவில் வருகிற அதே மலை. ஆனால் தரை கெட்டியாக இருந்தது. சைக்கிள் ஓட்டுவதற்கு அவ்வளவு நல்ல தரை. சுடுகாட்டுத் திருப்பத்தில் ஆண்கள் பாடையோடு பிரிந்து போனார்கள். பாய் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் நின்றுவிட்டு ஆண்களோடு போனார். நாங்கள் நேரே போனோம்.

மகள் சைக்கிளில் ஏறினாள். ஹாரன் இல்லை, தூசி இல்லை, யாருக்கும் இறங்கி வழிவிட வேண்டியதில்லை. பாதை முடிகிற இடத்தில் பள்ளிக்கூடத்து மதில் தெரிந்தது. அவள் மதிலைத் தொட்டுவிட்டுத் திரும்பி எங்களை நோக்கி வந்தாள். "அம்மா, இவ்வளவு கிட்டக்கவா" என்று கேட்டாள். அவ்வளவு நேரம் அழாத டீக்கடைக்காரி அங்கே உட்கார்ந்து அழுதாள். மாமனாருக்காகவா, பிறந்த ஊரின் வேப்பமரம் தெரிந்ததற்காகவா, நான் கேட்கவில்லை. எனக்கும் கண்ணில் தண்ணீர். எனக்கு வந்தது கோபத்தில்தான். இதற்குத்தானா, இந்தத் துளிப் பாதைக்குத்தானா ஒரு மனிதர் செத்தாக வேண்டியிருந்தது?

திரும்பி வந்ததும் ஊரே இரண்டுபட்டது. பெண்கள் சுடுகாட்டு எல்லைக்குள் போனதால் தோஷம் என்று ஒரு பக்கம், போனால் என்ன என்று இன்னொரு பக்கம். இனிமேல் ஒவ்வொரு சாவுக்கும் போவோம், உபயோகத்தில் இருக்கிற பாதை என்று காட்டுவோம் என்று பெண்கள் பேசிக்கொண்டதாக டீக்கடைக்காரி எனக்குப் போனில் சொன்னாள். எனக்கு நம்பிக்கை வந்தது. ரூட்டில் அந்தக் கோட்டையும் போட்டு வைத்துக்கொண்டேன்.

கம்பெனிக்காரர்கள் எங்களைவிட விவரமானவர்கள். சண்டைக்கு வரவில்லை. யாரையும் மிரட்டவில்லை. ஊருக்கு ஒரு உதவி செய்தார்கள். முச்சந்திக்கு இந்தப் பக்கம், ஊருக்கு அருகிலேயே, புதுச் சுடுகாடு கட்டிக் கொடுத்தார்கள். தகரக் கூரை போட்ட எரிமேடை, தண்ணீர்த் தொட்டி, உட்கார சிமெண்ட் பெஞ்சு, சுற்றுச்சுவரில் பூ வரைந்து பெயிண்ட். பந்தல் போட்டு ரிப்பன் வெட்டினார்கள். எல்லாருக்கும் லட்டு. இனிமேல் வெயிலிலும் மழையிலும் பாடையை அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போய்ச் சிரமப்பட வேண்டியதில்லை என்று பேசினார்கள். ஊர் கைதட்டியது. துண்டு போட்ட அந்தச் சின்ன மாமனார்தான் மாலை வாங்கிக்கொண்டார். ஒரு பாதையைக் கொடுத்து எரிமேடையை வாங்கிக்கொண்டு அதற்குக் கைதட்டுகிறவர்களை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அடுத்த வாரம் கேட்டில் பூட்டுக்குப் பதிலாக வெல்டிங் வைத்தார்கள்.

நான் போனபோது டீக்கடைக்காரி லட்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள். எனக்காக வாங்கி வைத்ததாம். நான் அதைத் தொடவில்லை. கண்டபடி திட்டினேன், கம்பெனியை, ஊரை, ஆபீஸில் உட்காரச் சொன்ன மனிதரை. அவள் டிகாஷனை வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு சொன்னேனேக்கா, செத்தாத்தான் அந்தப் பாதையில போவ முடியும்னு. இனிமே செத்தாலும் போவ முடியாது" என்றாள்.

சென்னைக்காரர்கள் ரூட் என்ன ஆயிற்று என்று மறுபடியும் கேட்டார்கள். மலைப்பக்கத்து முதல் நாளை மட்டும் அனுப்பினேன். இரண்டாம் நாள் எங்கே என்றார்கள். லாரி ரோட்டைத் தவிர வேறு வழி இல்லை, அதில் ஹெல்மெட்டும் பின்விளக்கும் வைத்துக்கொண்டு பெரியவர்கள் ஓட்டினாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை, அதை என் கையால் எழுதித் தர முடியாது என்று சொன்னேன். பொறுப்பாகச் சொன்னதற்கு ரொம்ப நன்றி என்று பதில் வந்தது. அவர்கள் வேறு ஏதோ மலைக்குப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் டீக்கடைக்காரி மகள் மூக்கை மறைத்துத் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, புத்தகப் பையோடு, அந்த ரோட்டில்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.